நாலாவது இறக்கை

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னதை நான் மறக்கவில்லை, கண்ணா. கல்யாணப் பத்திரிகையில் மாமா பெயர் இருந்தால் தாலி கட்ட வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாய். விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று குரலிலேயே தெரிந்தது. நான் சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். அச்சகத்திலிருந்து வந்த மாதிரித் தாள் இப்போது என் எதிரில் இருக்கிறது. உன் பெயர், பெண்ணின் பெயர், அப்பா பெயர், என் பெயர் எல்லாம் எழுத்துப் பிழை இல்லாமல் வந்திருக்கின்றன. தாய்மாமன் என்று போட்டு அதற்கு எதிரே மட்டும் வெறுமையாக விட்டிருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் திருப்பிக் கொடுத்தால்தான் அடிக்க முடியும் என்று ஆள் விட்டுச் சொல்லிவிட்டார்கள்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். சொல்ல ஆரம்பித்தால் பாதியில் நீ வைத்துவிடுவாய், இல்லாவிட்டால் நான் அழுதுவிடுவேன், நீயும் இரக்கப்பட்டு விட்டுவிடுவாய். இரண்டும் எனக்கு வேண்டாம். அதனால் இதை எழுதி, இன்றைக்கே கூரியரில் போடப் போகிறேன். வியாழக்கிழமை பூனாவில் உன் கைக்கு வந்துவிடும் என்கிறார்கள். உறைக்குள் காகிதத்தோடு இன்னொரு பொருளும் இருக்கும். அதை இப்போது எடுக்காதே, கடைசி வரை படித்துவிட்டு எடு. நீ எதையும் கடைசியிலிருந்து பிரிக்கிற பழக்கம் உள்ளவன் என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

பன்னிரண்டாவது படிக்கும்போது உனக்கு அந்த ராக்கெட் பைத்தியம் பிடித்தது. நூலகத்தில் ஏதோ ஒரு பத்திரிகையில் படத்தைப் பார்த்துவிட்டு வந்து, சாப்பிட்ட கை காயும் வரை பேசினாய். நான் பார்த்திருந்த ராக்கெட்டுக்கெல்லாம் தட்டையான இறக்கை. இதற்கு வளைந்த இறக்கை. ஏவுகிற குழாய்க்குள் இருக்கும்போது நாலு இறக்கையும் உடம்பைக் கட்டிக்கொண்டு கிடக்கும், வெளியே பாய்ந்ததும் விரியும், வளைவு இருப்பதால் ராக்கெட் சுற்றிக்கொண்டே போகும் என்றாய். அதை ஆறில் ஒரு பங்கு அளவில் செய்து, செங்கல்பட்டில் நடக்கவிருந்த பள்ளிக் கண்காட்சியில் வைக்க வேண்டும். வெறும் பொம்மையாக வைத்தால் யார் மதிப்பார்கள், ஒரு தடவையாவது பறந்திருக்க வேண்டும் என்று உங்கள் இயற்பியல் சார் சொல்லியிருந்தார். மடக்கி விரிக்க வேண்டாம், விரிந்த நிலையிலேயே ஒட்டிவிடலாம் என்று நான் யோசனை சொன்னேன். அன்றைக்கு நீ என்னைப் பார்த்த பார்வையில் எனக்குக் கொஞ்சம் தலை கனத்துவிட்டது. அம்மா என்றால் சாம்பார் மட்டும் இல்லை, படம் போடத் தெரிந்தவள் என்று உனக்கு அப்போதுதான் உறைத்தது போலிருந்தது.

என் வேலை உனக்குத் தெரியும். கடலோரத்து ஆராய்ச்சி நிலையத்தின் வரைபடப் பிரிவில் முப்பது வருடமாகக் கோடு போடுகிறேன். பொறியாளர் கிறுக்கித் தருவதை நாங்கள் சுத்தமாக வரைந்து கொடுப்போம், கீழே பட்டறையில் அதன்படி செய்வார்கள். எங்கள் பிரிவில் முதல் நாளே சொல்லித்தரும் விஷயம் ஒன்று உண்டு. படத்தின் மேல் ஸ்கேல் வைத்து அளக்கக் கூடாது, எழுதியிருக்கும் எண்ணைத்தான் படிக்க வேண்டும். காகிதம் காற்றில் ஈரம் இருந்தால் நீளும், காய்ந்தால் சுருங்கும், எண் மட்டும் அப்படியே இருக்கும். புதிதாக வந்த எத்தனை பெண்களை இதற்காகத் திட்டியிருக்கிறேன் என்பதற்குக் கணக்கே கிடையாது.

உன் மாமாவைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உனக்குத் தெரிந்த மாமா வேறு, எனக்குத் தெரிந்த தம்பி வேறு. ஏழுமலை எனக்கு நாலு வயது இளையவன். எட்டாவதில் கணக்கில் தேறாமல் நின்றுவிட்டு, செங்கல்பட்டில் ஒரு லேத்துப் பட்டறையில் சேர்ந்தான். நான் ஐ.டி.ஐ. முடித்து வேலைக்குப் போன புதிதில், ஒரு நாள் டிபன் கேரியரை மறந்துவிட்டு வந்தேன். அவன் இரண்டு பஸ் மாறி, கிரீஸ் பிடித்த சட்டையோடு, அதைத் தூக்கிக்கொண்டு அலுவலக வாசலில் வந்து நின்றான். கூட வந்த தோழி யார் என்று கேட்டாள். தெரிந்தவர் என்று சொன்னேன். அவன் காதில் விழுந்திருக்கும், மூன்றடி தூரத்தில்தான் நின்றான். கேரியரை என் கையில் கொடுத்துவிட்டு, "வர்றேங்க" என்று சொல்லிவிட்டுப் போனான். அந்த 'ங்க' இன்றைக்கும் என் காதை விட்டுப் போகவில்லை.

நீ பிறந்த பிறகு அவனுக்கு உன்னைத் தவிர வேறு பொழுதுபோக்கே இல்லை. சைக்கிள் பழக்கினான், கடப்பாக்கத்துக்குக் கூட்டிப்போய் இடிந்த கோட்டைச் சுவரில் ஏற்றிவிட்டான், நீ ஏறினாயே தவிர இறங்கத் தெரியாமல் கத்தினாய். ராக்கெட் என்று நீ சொன்னதும் உன்னைவிட அவன்தான் குதித்தான். மூக்குப் பகுதிக்குக் கல்யாண முருங்கைக் கட்டையைக் கொண்டுவந்து, பட்டறை வேலை முடிந்த பிறகு லேத்தில் கடைந்து கொடுத்தான். உடம்புக்கு என் அலுவலகத்தில் பிரிண்ட் காகிதம் சுற்றிவரும் அட்டைக் குழாய். மருந்துக் குழலை, ஊர்த் திருவிழாக்களுக்கு வாணம் செய்யும் ஒரு பெரியவரிடம் அவனே சொல்லி வாங்கி வருவதாக ஏற்றுக்கொண்டான். வளைந்த இறக்கைக்கு அதே பருமனில் பி.வி.சி. பைப் ஒரு துண்டு, அதையும் செங்கல்பட்டுக் கடைவீதியில் தேடிப் பிடித்தான். பைப்பை நீளவாக்கில் நாலாகப் பிளந்தால் நாலு வளைந்த இறக்கை. எங்கே வெட்டுவது என்று கோடு போட்டுத் தருவது என் பொறுப்பு.

இங்கிருந்து நீ அறியாத கதை. டிரேசிங் பேப்பரில் நாலு இறக்கையையும் வரிசையாக வரைந்தேன். வரைந்தது அலுவலகத்து ஏ.சி. அறையில், மதிய இடைவேளையில். வீட்டுக்குக் கொண்டுவந்து ஆணியில் மாட்டினேன். அது ஐப்பசி, மூன்று நாளாக விடாத மழை. ஜன்னல் கதவே ஊறிப்போய்ச் சாத்த வராத ஈரம். மூன்றாம் நாள் அந்தத் தாளை எடுத்துப் பைப்பைச் சுற்றி ஒட்டினேன். ஆரம்பக் கோடும் கடைசிக் கோடும் ஒன்றின்மேல் ஒன்று உட்கார வேண்டும். உட்காரவில்லை. தாள் ஒரு மில்லிமீட்டர் சொச்சம் மிஞ்சியது. கழற்றிவிட்டு எண்ணைப் பார்த்து பைப்பின் மேலேயே அளந்திருந்தால் கால் மணி நேர வேலை. நான் என்ன செய்தேன் தெரியுமா? மூன்று இறக்கைக்குத் தாளில் உள்ளபடியே கோட்டைப் போட்டேன். நாலாவதில் மேல் முனைக்கு ஆரம்பக் கோட்டில் ஒரு புள்ளி, கீழ் முனைக்குத் தாள் போன இடத்தில் ஒரு புள்ளி, இரண்டையும் இணைத்து இழுத்துவிட்டேன். கோடு லேசாகச் சாய்ந்தது. பார்க்கிறவர் கண்ணுக்குத் தெரியாத சாய்வு. அடுப்பில் குக்கர் இருந்தது, மறுநாள் காலை ஷிஃப்ட் இருந்தது என்று காரணம் சொல்லலாம். உண்மை, என் கோடு தப்பாகாது என்ற திமிர்.

நீ டியூஷனுக்குப் போயிருந்த ஒரு சாயங்காலம் மாமா வந்தான். வெட்டிய நாலு இறக்கையும் மேஜை மேல் இருந்தன. நம் வீட்டு மேஜைக் கண்ணாடி, அடியில் உன் பள்ளிக்கூட போட்டோவெல்லாம் வைத்திருப்போமே, அதே கண்ணாடி. இதை எழுதுவதும் அதன் மேல்தான். அவன் ஒவ்வொரு இறக்கையாக எடுத்து, குழிவான பக்கம் கீழே இருக்கும்படி கண்ணாடி மேல் கவிழ்த்து, ஒரு மூலையில் விரலால் அழுத்தினான். முதல் மூன்றும் அசையாமல் உட்கார்ந்தன. நாலாவது டக் டக் என்று ஆடியது. திரும்ப அழுத்தினான், திரும்ப ஆடியது.

"அக்கா, இது ஒண்ணு மட்டும் ஆடிகினு கீது. ஓரம் நேரா இல்ல. இத்த ஒட்டினா ராக்கெட்டு ஒரு பக்கமா இஸ்துகினு பூடும்."

பைப்பே கோணலாக இருக்கும் என்றேன். அவன் மீதிப் பைப்பை எடுத்துக் கண்ணாடி மேல் உருட்டிக் காட்டினான், அது நேராகத்தான் உருண்டது. எனக்கு முகம் சூடாகிவிட்டது. லேத்தில் நிற்கிறவன் படத்தைத் திருத்த வேண்டாம், எங்கள் பட்டறையில் இப்படிப் பேசினால் எழுத்தில் விளக்கம் கேட்பார்கள் என்று சொன்னேன். இன்னும் ஏதேதோ சொன்னேன். எட்டாவது கணக்கையும் இழுத்தேன் என்று நினைக்கிறேன். இழுத்தேன், நினைப்பது என்ன, நன்றாகவே ஞாபகம் இருக்கிறது. அவன் கோபப்படவில்லை. "நீ படிச்சவ, ஒனக்குத் தெரியும். ஆனா அது மட்டும் மாத்திடுக்கா" என்று சொல்லிவிட்டு, போட்ட காபியில் பாதியை வைத்துவிட்டு எழுந்து போனான்.

அவன் தெருமுனை தாண்டியதும் நான் மேஜைக்குப் போய் அழுத்திப் பார்த்தேன். ஆடியது. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, கண்ணா. தெரியாமல் செய்த தப்பு என்று உன்னிடம் சொல்லிக்கொள்ள எனக்கு வழியே இல்லை. புது இறக்கை வெட்ட மீதிப் பைப் இருந்தது, நாளும் இருந்தது. ஆனால் புதிதாக வெட்டினால் அவனுக்குத் தெரியும், அவன் சொன்னது சரி என்று ஆகிவிடும். அரத்தை எடுத்து ஓரத்தைக் கொஞ்சம் ராவினேன். ஆட்டம் குறைந்தது, நிற்கவில்லை. நீ டியூஷனிலிருந்து வந்ததும் நாலையும் உன் கையில் கொடுத்து, அம்மா பார்த்துவிட்டேன், ஒட்டலாம் என்றேன். நீ ஒரு கேள்வி கேட்கவில்லை. ஒட்டி, ஓரமெல்லாம் பசை பூசி, சாம்பல் நிறப் பெயின்ட் அடித்ததும் நாலும் ஒன்று போலத்தான் இருந்தன.

மழை விட்ட ஞாயிறு காலை மாமல்லபுரத்துக்குத் தெற்கே அந்தச் சவுக்குத் தோப்புக் கரைக்குப் போனோம். சுனாமிக்குப் பிறகு அந்தத் தோப்பே இல்லை, இப்போது போனால் இடம் தெரியாது. அப்பாவுக்கு அன்று ஷிஃப்ட். முந்தின வாரம் மூக்கைப் பொருத்தவும் எடை பார்க்கவும் மாமா ராக்கெட்டைப் பட்டறைக்குக் கொண்டு போயிருந்தான். செங்கல்பட்டிலிருந்து பஸ்ஸில், வேட்டித் துணியில் சுற்றி, கூட்டத்தில் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடியே வந்ததாகச் சொன்னான். கை வலிக்கிறது என்று சிரித்தான். ஒரு கீறல் இல்லாமல்தான் கொண்டுவந்து கொடுத்தான். அதை நீயும் பார்த்தாய், பிறகு மறந்துவிட்டாய், மறக்கும்படி நான் செய்தேன்.

நீ மணலில் ராக்கெட்டை நிறுத்தும் கம்பியை நட்டுக்கொண்டிருந்தபோது அவன் என்னைத் தனியாக அந்தாண்டை கூப்பிட்டான். சுற்றி வளைக்காமல் கேட்டான்.

"அக்கா, நாலாவத மாத்திட்டியா?"

"மாத்திட்டேன்" என்றேன்.

அவ்வளவுதான். தலையை ஆட்டிவிட்டுப் போய், மருந்தைப் பற்றவைக்கும் வயரை விரிக்க ஆரம்பித்தான். நீ பத்தடி போதும் என்றாய், அவன் கேட்காமல் முப்பதடிக்கு இழுத்தான். காற்று கடலிலிருந்து வீசியது. அப்படி வீசினால் ராக்கெட்டின் மூக்கு காற்றைப் பார்த்துத் திரும்பும், அதாவது கடல் பக்கம் போய் விழும், அதனால் நாம் கரைப்பக்கம் நின்றால் ஆபத்தில்லை என்று இரண்டு பேரும் பேசி முடிவு செய்தீர்கள். கணக்கு சரிதான். நாலு இறக்கையும் ஒழுங்காக இருந்தால் சரியான கணக்கு. நிறுத்து என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இரண்டு ஆண்பிள்ளைகளும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள், நான் காரணம் சொல்ல வேண்டும். நீ பத்திலிருந்து எண்ணத் தொடங்கினாய். ஐந்து வரை வந்தபோது வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன்.

மாமா பேட்டரியில் வயரை வைத்தான். சீறிக்கொண்டு கிளம்பியது. முதல் இரண்டு நொடி எவ்வளவு அழகு. நீ சொன்ன மாதிரியே சுற்றியது, பெயின்ட் அடித்த கோடுகளெல்லாம் ஒன்றாகக் கலந்து தெரிந்தன. நீ கை தட்டினாய். பிறகு வால் பக்கம் வட்டம் போட ஆரம்பித்தது. வட்டம் பெரிதாகிக்கொண்டே போய், பனை உயரத்தில் மொத்தமும் சாய்ந்து, கடலைப் பார்க்காமல் நம்மைப் பார்த்துத் திரும்பியது. மருந்து இன்னும் எரிந்துகொண்டிருந்தது. "குனி, குனி" என்று மாமா கத்திக்கொண்டே உன்னை நோக்கி ஓடினான். நீ குனியவில்லை, அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாய். உனக்குப் பின்னால் இருந்த சவுக்கு மரத்தில் அது மோதிச் சிதறியது, அந்தச் சத்தத்துக்கு நீ திரும்பினாய். திரும்பாமல் இருந்திருந்தால் என்று எத்தனை வருடம் நினைத்திருப்பேன்.

தெறித்த துண்டு பட்டதும், கையை இடது கண் மேல் வைத்துக்கொண்டு நீ உட்கார்ந்தாய். கத்தக்கூட இல்லை. மாமா உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு மணலில் ஓடினான், ரோட்டில் மீன் ஏற்றி வந்த வேனை மறித்து, செங்கல்பட்டு ஆஸ்பத்திரி வரை உன் தலையை மடியில் அசையாமல் பிடித்துக்கொண்டு வந்தான். வழியெல்லாம் நீ அவன் கையைத்தான் பிடித்திருந்தாய். என் கையை இல்லை.

அன்று மாலை, கட்டுப் போட்ட பிறகு, டாக்டர் வெளியே அழைத்து, வெளிச்சம் தெரியும், அதற்கு மேல் உறுதி சொல்ல முடியாது என்றார். அப்பா சுவரில் சாய்ந்து நின்றுவிட்டார். நான் உள்ளே வந்தேன். நீ கேட்ட முதல் கேள்வி வலியைப் பற்றி இல்லை. "ஏம்மா அது அப்படித் திரும்புச்சு?" என்றாய். நான் அந்த ஒரு கேள்விக்குத்தான் பயந்துகொண்டிருந்தேன். பஸ்ஸில் கொண்டு வரும்போது மாமா எங்கேயோ இடித்திருப்பான், இறக்கை நகர்ந்திருக்கும் என்று சொன்னேன். சொல்லிவிட்டு நிமிர்ந்தால், வாசலில் இளநீரோடு அவன் நிற்கிறான்.

அவன் என்னைப் பார்த்தான். நான் மாற்றவில்லை என்பது அந்த நொடியில் அவனுக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததை நானும் பார்த்தேன். அவன் இளநீரை ஸ்டூல் மேல் வைத்துவிட்டு உன் கட்டில் பக்கம் வந்தான்.

"ஆமாண்டா. பஸ்ல கூட்டம். ஒருத்தன் மோதிட்டான், நான் பாத்துக்கல" என்றான்.

உனக்குப் பதினேழு வயது, வலி வேறு. இனிமேல் எங்கள் வீட்டுக்கு வராதீர்கள் என்று சொன்னாய். அவன் வரவில்லை. பொங்கலுக்கு அனுப்பிய கரும்பை நீ தெருவில் போட்டாய், அடுத்த வருடத்திலிருந்து அதுவும் வரவில்லை. கப்பலில் ஆபீசராகப் போக எழுத்துத் தேர்வில் தேறி, கண் பரிசோதனையில் திரும்பி வந்த நாளில், தட்டில் தோசையை வைத்துக்கொண்டு, "எல்லாம் அந்த ஆளால" என்றாய். நான் இரண்டாவது தோசையை வைத்தேன். அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். அப்பாவுக்கும் இன்று வரை தெரியாது. இந்தக் கடிதத்தைப் போடும் முன் அவரிடம் படிக்கக் கொடுக்கப் போகிறேன். அவர் என்ன சொல்வார் என்பது எனக்குத் தெரியாது, பயமாகத்தான் இருக்கிறது.

கல்யாணம் ஆகப்போகிற பிள்ளைக்கு அம்மாக்கள் எழுதும் புத்திமதியை எல்லாம் எழுத எனக்கு வாய் இல்லை. ஒன்று மட்டும், இதைப் பட்டவள் என்பதால் சொல்கிறேன். நாளைக்கு உன் வீட்டில் அந்தப் பெண் ஏதோ ஒன்றைக் காட்டி, இது சரியாக இல்லையே என்பாள். அவள் உன் அளவுக்குப் படிக்காத விஷயமாகக்கூட இருக்கும். நீ என் பிள்ளை, உனக்கும் முகம் சூடாகும். அப்போது அவள் எதிரிலேயே வைத்து அழுத்திப் பார். ஆடினால் ஆடுகிறது என்று அவள் முன்னாலேயே சொல்லிவிடு. அவள் போன பிறகு தனியாக அழுத்திப் பார்க்காதே. தனியாகப் பார்த்து ஒரு நாள் மறைத்ததை அடுத்த நாள் சொல்லலாம், ஒரு வாரம் போனால் கஷ்டம், பத்து வருடம் போனால் உன் அம்மாவைப் போல உட்கார்ந்து பக்கம் பக்கமாக எழுத வேண்டியதுதான்.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டுக் கடப்பாக்கம் போனேன். மாமா அங்கே படகு எஞ்சின் பழுது பார்க்கும் கொட்டகை வைத்திருக்கிறான். தலை பாதி நரைத்துவிட்டது. என்னைப் பார்த்ததும் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, "வா" என்றான், நேற்றுத்தான் பார்த்தது போல. ஸ்டூலைத் தட்டிப் போட்டான். உனக்குக் கல்யாணம் நிச்சயமானதைச் சொன்னேன். தெரியும் என்றான், எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. மாமன் முறைக்கு அவன் வந்து உன் நெற்றியில் பட்டம் கட்ட வேண்டும் என்றேன்.

"அவன் இன்னா சொல்றான்?"

வேண்டாம் என்கிறான் என்றேன்.

"நீ இன்னா சொன்ன அவனாண்ட?"

சரி என்று சொல்லி வைத்துவிட்டேன் என்றேன். அவன் ஸ்பேனர் பெட்டியின் அடித்தட்டிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்தான். பிரித்தால் அந்த நாலாவது இறக்கை, சாம்பல் நிறப் பெயின்ட், ஒரு மூலை உடைந்திருந்தது, ஓரத்தில் அட்டைக் குழாயின் பிய்ந்த காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து மறுநாள் தோப்புக்குத் திரும்பப் போய்ப் பொறுக்கினானாம். பட்டறையில் சமம் பார்க்கும் இரும்புத் தட்டு மேல் வைத்துப் பார்த்தானாம். நான் ராவிய தழும்பு ஓரத்தில் அப்படியே இருக்கிறது. இவ்வளவும் கையில் வைத்துக்கொண்டு ஏன்டா அவனிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். அழுதுவிட்டேன், மறைக்கவில்லை.

"கண்ணுல கட்டோட கெடக்கான். அவன் உன்னாண்டதான இருந்தாகணும். நான் வெளிய இருக்கறவன், என் மேல கோச்சுகினா அவனுக்கு ஒண்ணும் ஆவப்போறது இல்ல."

பேர் போடவா என்று கேட்டேன். உன்னிடம் உண்மையைச் சொல்லிவிட்டுப் போட்டால் வருவதாகச் சொன்னான். சொல்லாமல் போட்டால் வரமாட்டானாம். போடாவிட்டாலும் மண்டபத்துக்கு எதிரில் நின்று மாப்பிள்ளைக் கோலத்தில் உன்னை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போய்விடுவானாம். யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று எனக்குச் சமாதானம் வேறு சொன்னான்.

இப்போது உறையிலிருந்து அதை எடு. உன் மேஜையில் கண்ணாடி இருக்கிறதோ இல்லையோ, சமமான ஏதாவது ஒன்றின் மேல் குழிவான பக்கத்தைக் கவிழ்த்து வை. உடையாத மூலையில் விரலை வைத்து அழுத்து. உடைந்த மூலை உன் கண்ணில் பட்டதா, வேறு துண்டு பட்டதா என்று எனக்குத் தெரியாது, அதை உன்னிடம் கேட்க எனக்கு யோக்கியதையும் இல்லை. மன்னித்துவிடு என்று எழுதி இரண்டு தடவை அடித்துவிட்டேன். மன்னிப்பதும் மன்னிக்காததும் உன் இஷ்டம், அவசரம் இல்லை.

மாதிரித் தாளில் தாய்மாமன் என்பதற்கு எதிரே ஏழுமலை என்று என் கையால் எழுதிவிட்டேன். அதை நீக்க உனக்கும் உரிமை இல்லை, எனக்கும் இல்லை. பெற்றோர் என்ற இடத்தில் என் பெயர் இருக்கிறது. அது இருக்க வேண்டுமா என்பதை மட்டும் நீ சொல், வேண்டாம் என்றால் நீக்கிவிட்டு அனுப்புகிறேன், மண்டபத்துக்கு எதிரில் நிற்க வேண்டிய ஆள் நானாக இருந்தால் நிற்கிறேன். வெள்ளிக்கிழமை ஆறு மணி வரை அச்சகத்தில் காத்திருப்பார்கள். எனக்குப் போன் பண்ண மனம் வராவிட்டால் பரவாயில்லை. முதலில் மாமாவுக்குப் பண்ணு, கொட்டகையில் எஞ்சின் சத்தத்தில் அவனுக்குச் சட்டென்று கேட்காது, எடுக்கும் வரை விடாமல் அடி.

அம்மா